துண்டுக்குள் நின்ற வண்டி

நெடுஞ்செவல், ஆவாரங்குளம், புளியம்பேட்டை என்ற மூன்று ஊரும் எங்களுக்குத்தான் அதிவேக ரயில் நிலையம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால், மூன்று ஊருக்கும் சம தூரத்தில், அதாவது எந்த ஊர்க்காரன் நடந்தாலும் நாக்குத் தள்ளிப்போகிற தூரத்தில், உடைமரமும் ஓணானும் தவிர வேறு குடிமக்கள் இல்லாத கரிசல் பொட்டலில் அதைக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பெயர்ப்பலகையில் எந்த ஊர் முதலில் வருவது என்று மூன்று ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டதால், ஒப்பந்தக்காரர் மூன்று பெயரையும் வண்டிச்சக்கரம் மாதிரி வட்டமாக எழுதி, எவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவிவிட்டுப் போனார். கண்ணாடிச் சுவர் வந்தது, தானாக ஏறுகிற படி வந்தது, ஆள் வந்தால் தானாகத் திறந்து ஓணான் வந்தாலும் திறக்கிற கதவு வந்தது, முதுகை உறுத்தாத நாற்காலி முந்நூறு வந்தது. ஒரே ஒரு குறைதான். வண்டி நிற்கவில்லை.

நாளைக்குப் பன்னிரண்டு தடவை அந்த வெள்ளை வண்டி வந்தது. வந்தது என்று சொல்வதும் தப்பு. தூரத்தில் தும்மல் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், நடைமேடையில் கிடக்கிற சருகு எழுந்து நின்று உட்காரும், அதற்குள் வண்டி அடுத்த மாவட்டத்தில் இருக்கும். நிலைய அதிகாரியாகத் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்திருந்த தணிகைவேல் என்கிற சாது, பன்னிரண்டு தடவையும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பச்சைக் கொடியைத் தூக்குவார். கொடி விரிவதற்குள் வண்டி போயிருக்கும். விரிந்த கொடியை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஓணானுக்குக் காட்டிவிட்டுச் சுருட்டிக்கொள்வார்.

இதில் மானம் போனது கட்டினவனுக்கும் இல்லை, ஓட்டினவனுக்கும் இல்லை. வெயிலாட்சிக்குத்தான் போனது.

வெயிலாட்சி ஆவாரங்குளம் ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவள். பதினோரு வயதில் கோழிமுட்டைக் கூடையோடு சந்தைக்குள் நுழைந்து, முட்டை உடைந்ததற்கு அடி வாங்கி, அடித்தவனிடமே உடைந்த முட்டையை அரை விலைக்குத் தலையில் கட்டி, அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கடித்துக் கடித்து ஏறினவள். ஆம்பளைத் தரகர் மாதிரி தோளில் துண்டு போட்டு, அந்தத் துண்டுக்குள் விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் மாறி மாறிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் விரலை அமுக்கி விலை பேசுகிற ஒரே பொம்பளை. கோபம் வந்தால் சந்தையில் ஆடுகூடக் கத்தாது. ஆனால் வாய் ஒரு வாய், சொல் ஒரு சொல். அவள் சொன்னால் சினையாடு சினையாடுதான், பல் ஆறு என்றால் ஆறுதான், வாயைத் திறந்து பார்க்க வேண்டாம். தாலி கட்டினவன் இருந்தவரை அவனும், அவன் போன பிறகு ஊரும், அவளிடம் பேரம் பேசித் தோற்றவர்கள். ஆனால் ஏமாந்தவர் என்று ஒருத்தர் கிடையாது.

நிலம் எடுக்க வந்த அதிகாரி இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். தண்டோரா போட்டும் அசையாத சம்சாரிகள் இவள் சொன்னால் அசைவார்கள் என்று தெரிந்து நேரே சந்தைக்கு வந்து, “வண்டி நிக்கும்மா, கண்டிப்பா நிக்கும், நம்பிச் சொல்லுங்க” என்றார். வெயிலாட்சியும் ஊர் ஊராகப் போய், “நிக்கும், நான் சொல்லுதேன், கொடுங்க” என்றாள். கொடுத்தார்கள். அவள் செய்த தப்பு ஒன்றுதான். சல்லிக்காசுக்குப் பெறாத கிடாய்க்குக்கூடத் துண்டுக்குள் கை கொடுத்து முடிக்கிறவள், அந்த அதிகாரியின் கையைத் துண்டுக்குள் பிடிக்காமல், வெள்ளைச்சட்டையைப் பார்த்து வாய்ப்பேச்சை நம்பிவிட்டாள். அந்த ஆள் மாறுதலாகிப் போய், அவர் இடத்துக்கு வந்தவரும் மாறுதலாகிப் போய், கால அட்டவணையில் நிலையத்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

சந்தையில் அவளைக் கண்டால் ஆட்டை மறைத்துக்கொண்டார்கள். அவளுக்கு எதிர்த்தரகு கொம்பையா, இருபது வருஷமாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன், இப்போதுதான் பல் தெரியச் சிரித்தான்.

“மதினி, உங்க வாக்கும் அந்த வண்டியும் ஒண்ணு. சத்தம் கேக்கும், நிக்காது.”

“வாய அலம்பிட்டு வந்து பேசும் வே.”

“நான் அலம்புறது இருக்கட்டும். ‘நிக்கும்’னு சொன்ன வாய எதக் கொண்டு அலம்பப் போறீக?”

அன்றைக்கு ஒரு ஆடுகூட அவள் துண்டுக்குள் வரவில்லை. வெறும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகாமல், பொட்டலைக் குறுக்கே மிதித்து நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தாள். கதவு தானாகத் திறந்தது. “நீயாவது தொறக்கியே” என்று அதையும் வைதுவிட்டு உள்ளே போய், நடைமேடை விளிம்பில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து, வலது கையைத் தண்டவாளப் பக்கம் நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டாள்.

தணிகைவேல் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். “அம்மா, கையை எடுங்கம்மா. முந்நூறு கிலோமீட்டர் வேகம்மா. என் வேலை போயிடும்மா.”

“எந்த வேலை? காத்துக்குக் கொடி காட்டுற வேலையா?”

“கை போயிடும்மா.”

“வாக்கே போயாச்சு. கைய வச்சு என்னய்யா செய்யப் போறேன்? தள்ளி நில்லும், யாவாரம் நடக்கு.”

தும்மல் சத்தம் கேட்டது. சருகு எழுந்து நின்றது. துண்டு ஒரு தரம் புடைத்துத் தாழ்ந்தது. வண்டி போய்விட்டது, கை இருந்தது. வெயிலாட்சி துண்டை விலக்கி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கை கொடுக்குது” என்றாள்.

“எது?”

“உம்ம வண்டி. வேலை பாக்காத கை. நகம் இல்ல, காய்ப்பு இல்ல, மெதுமெதுன்னு சூடா இருக்கு. ரெண்டு நிமிஷம் நில்லுன்னு ரெண்டு வெரல அமுக்கினேன். அதுக்குள்ள போயிட்டு. அடுத்து எப்ப?”

தணிகைவேல் கடிகாரத்தைப் பார்த்தார். நம்பவா வேண்டாமா என்று யோசிப்பதற்கு அவருக்கு மேலதிகாரியின் உத்தரவு இல்லாததால், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். “ஒண்ணு இருபதும்மா.”

இப்படியாக, ஒரு வண்டி கடக்க நாலு நொடி, நாலு நொடிக்கு ஒரு அமுக்கு, நாளைக்குப் பன்னிரண்டு அமுக்கு என்று ஒன்பது நாள் பேரம் நடந்தது. நாட்டிலேயே வேகமான வண்டியோடு நாட்டிலேயே மெதுவாக நடந்த பேரம் அதுதான். மூன்று ஊரும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தது. வண்டிக்குக் கை உண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விரல் எத்தனை, எந்த விரலை அமுக்கினது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் கேட்டார்கள். சந்தைக்காரப் பயல்களுக்கு அதற்கு மேல் என்ன கவலை?

நாலாம் நாள்தான் வண்டி என்ன கேட்கிறதென்று வெயிலாட்சிக்குப் பிடிபட்டது. அவள் விரலை அமுக்கும்போதெல்லாம் அந்தக் கை பதிலுக்கு அமுக்காமல், அவள் உள்ளங்கையில் தன்னை வைத்துக்கொண்டு, நாலு நொடியும் சும்மாவே இருந்தது. சும்மா இருப்பதில் அதற்கு அப்படி ஒரு ருசி. வெயிலாட்சி எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: “மாஸ்டரு, இந்த மூதிக்குக் காத்திருப்பு வேணுமாம். பொறந்ததுலேருந்து எவனெவன் நேரத்தையோ மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கு, தனக்குன்னு ஒரு எடத்துல சும்மா நின்னதில்ல. காத்திருப்பக் கொண்டா, நிக்கேன்னு சொல்லுது.”

கேட்டுக்கொண்டிருந்த மூன்று ஊரும் சிரித்தது. தங்கம் கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள், தண்ணீர் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். காத்திருப்பா, அதுதான் அங்கே மழை இல்லாவிட்டாலும் விளைகிற ஒரே வெள்ளாமை ஆயிற்றே. ரேஷன் கடை வரிசையில், தாலுகா ஆபீஸ் வாசலில், ஆஸ்பத்திரி பெஞ்சில், பஸ்ஸுக்கு, மழைக்கு, மாப்பிள்ளைக்கு, மருமகள் எழுந்து வருவதற்கு என்று ஆளாளுக்கு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எடுத்துக்கோ என்றார்கள். வெயிலாட்சி வண்டி கேட்டதில் பாதியாகக் குறைத்து, அந்தப் பாதியிலும் கால்வாசியைத் தள்ளி, ஒன்பதாம் நாள் பன்னிரண்டாம் வண்டியில் விலையை முடித்தாள். தினமும் காலை பதினொன்று நாற்பது வண்டி, இரண்டு நிமிஷம் நிற்கும்.

அடுத்த ஒரு வாரம் நிலைய வாசலில் உட்கார்ந்து கொள்முதல் செய்தாள். ஒவ்வொருத்தராக வந்து துண்டுக்குள் கையை நீட்டி, எந்தக் காத்திருப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்; ஆள் ஏற ஏறத் துண்டு நனைந்த சமுக்காளம் மாதிரி கனத்தது. ஆவாரங்குளத்து ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் மணியடிப்பதற்காகப் பிள்ளைகள் காத்திருக்கிற நேரத்தைக் கொண்டுவந்தார். “அது புள்ளைகளோடது, உம்ம சரக்கா அது?” என்று திருப்பி அனுப்பினாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு நிறைமாதக்காரி வந்தாள். அவள் கையைத் துண்டுக்குள்ளேயே வெயிலாட்சி மூடிவிட்டு, “போ தாயி. இது உன்னுது இல்ல, உள்ள இருக்கிறவனுது. அவனக் கேக்காம நீ விக்க முடியாது” என்றாள். மற்றபடி யாரையும் விடவில்லை. கொம்பையாகூட வந்து, இருபது வருஷமாக அவள் தோற்பதற்காகக் காத்திருந்த காத்திருப்பைத் துண்டுக்குள் போட்டான். அது மட்டுமே ஒரு ரயில்பெட்டி நிறையக் காணும்.

எல்லாரிடமும் பத்துக்கு ஒன்று தரகு எடுத்துக்கொண்டாள். தரகு எடுக்காமல் செய்தால் அது யாவாரம் இல்லை, தர்மம். தர்மம் செய்கிறவளை அடுத்த சந்தையில் எவனும் மதிக்க மாட்டான். அந்தத் தரகு அவள் இடுப்பில் போய்த் தங்கியது. மீதியைத் துண்டோடு தூக்கி வண்டிமேல் உதறினாள். அடுத்த நாள் பதினொன்று நாற்பதுக்கு வெள்ளை வண்டி, வயசுப்பெண் சபைக்கு வருகிற மாதிரி மெள்ள வந்து, நின்றது. தணிகைவேலின் கொடி முதல்தடவையாக முழுக்க விரிந்தது. மனுஷன் அழுதுவிட்டார். மேளம் அடித்தார்கள், கிடாய் வெட்டினார்கள், வண்டியின் மூக்கில் ஒரு தட்டுச் சந்தனத்தை அப்பினார்கள். வெயிலாட்சி சந்தைக்குப் போனபோது ஆடுகள் தாமாக அவள் பக்கம் நகர்ந்தன.

அதற்குப் பிறகுதான் மூன்று ஊருக்கும் விற்றது எது என்று தெரிய ஆரம்பித்தது.

ரேஷன் கடையில் வரிசை ஒழிந்தது; வருகிறவன் அரிசி வருமுன் மூட்டைக்குள் தலையை விட்டான். தாலுகா ஆபீஸில் “நாளைக்கு வா” என்று சொல்லிப் பழகின குமாஸ்தாவின் மேஜையில் ஏறி உட்கார்ந்து, கையெழுத்து விழுகிறவரை அவர் பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பதினேழு நாளில் அத்தனை கோப்பும் தீர்ந்துபோய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அந்த மனுஷன் பித்துப் பிடித்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் மாவு புளிக்கிறவரை பொறுக்க ஆளில்லாததால் மூன்று ஊரும் புளிக்காத தோசையைத் தின்றது. சோறு அரைவேக்காடு, டீ வெந்நீர். முகூர்த்தத்துக்கு நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைப்பதற்குள் தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சண்டையையும் போட்டு முடித்திருந்தார்கள். கோயில் கொடையில் மேளம் அடிக்குமுன்பே சாமி வந்து, பூசாரி திருநீறு எடுப்பதற்குள் மலையேறிவிட்டது; குறி கேட்க வந்தவர்களும் அதற்குள் போய்விட்டதால் சாமிக்கும் மனத்தாங்கல் இல்லை. மூன்று மணி நேரம் தாமதமாக வருவதையே கௌரவமாக வைத்திருந்த ஒன்றியத் தலைவர் ஆவுடைநாயகம், அப்படியே தாமதமாக வந்து, மைக்செட்காரன் ஒருத்தனுக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார், மைக்செட்காரன் வெளியூர்.

எல்லாவற்றையும்விடக் கேவலம் சந்தையில் நடந்தது. பேரம் பேசுவதற்குப் பொறுமை வேண்டும். முறைத்துப் பார்க்க வேண்டும், போகிற மாதிரி நாலு எட்டு வைக்க வேண்டும், கூப்பிடுகிறானா என்று காது கொடுத்துக்கொண்டே முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அதையெல்லாம் விற்றுவிட்டார்கள். விற்கிறவன் சொன்ன முதல் விலைக்கு வாங்குகிறவன் வாங்கினான், வாங்குகிறவன் கேட்ட முதல் விலைக்கு விற்கிறவன் விற்றான். பொழுது கிளம்புமுன்பே சந்தை கலைந்தது. பேரம் பேசாமல் ஆடு வாங்கினதாக அந்தக் கரிசலில் கேள்விப்பட்டிருந்தால் அவனவன் தாத்தா சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து செருப்பால் அடித்திருப்பார்.

வெயிலாட்சி ஒருத்தியிடம்தான் காத்திருப்பு இருந்தது. மூன்று ஊர்த் தரகும் இடுப்பில் கனக்க, அவள் ஒரு கிடாய்க்கு முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கோபம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈ மூக்கில் உட்கார்ந்தால் அது எழுந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி இரண்டாவது மூச்சு விடுவதற்குள் தாங்க முடியாமல், “எடுத்துக்கோக்கா, எடுத்துத் தொல” என்று கயிற்றை வீசிவிட்டு ஓடினான். நாலு சந்தையில் அவளுக்கு எதிர்நிற்க ஆளில்லை. ஐந்தாவது சந்தையில் அவள் ஜெயித்த ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலி மைதானத்தில் நின்றபோது, எதிரே ஆளே இல்லாத கோட்டில் கபடி பாடி ஜெயித்த மாதிரி வாய் கசந்தது. யாரையாவது வைய வேண்டும் போல இருந்தது. வைவதற்குக் கோபம் வரவில்லை. அதற்காகவும் காத்திருந்தாள்.

அப்போதுதான் தணிகைவேல் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் தலைமை அலுவலகத்துக் கடிதம்.

“அம்மா, வண்டி தினமும் நிக்குது. ஆனா இந்த ஒரு மாசத்துல ஏறுனவங்க ஒருத்தரும் இல்லம்மா. ஆள் ஏறாத எடத்துல எதுக்கு நிறுத்தம்னு கேட்டு, ஒண்ணாம் தேதியிலேர்ந்து ரத்துன்னு எழுதியிருக்காங்க.”

“ஏன் ஏறல?”

“எப்படிம்மா ஏறுவாங்க? பதினொண்ணு முப்பத்தெட்டுக்கு வர்றவங்களால ரெண்டு நிமிஷம் நிக்க முடியல, திட்டிட்டுப் போயிடறாங்க. முப்பத்தொம்போதுக்கு வர்றவங்களும் போயிடறாங்க. நாற்பத்து மூணுக்கு வர்றவங்களுக்கு வண்டி போயிடுது. ரயில்னா காத்திருக்கணுமேம்மா.”

வெயிலாட்சி கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலும் கீழும் பார்த்தாள். நிக்கும் என்று அவள் சொன்னது மெய், நிற்கிறது. ஆனால் கால் மடக்கிப் படுத்த மாட்டை ‘நிக்குது பாரு’ என்று காட்டின கதைதான் இது. ஒண்ணாம் தேதி வந்தால் அதுவும் போய், அவள் வாக்கு இரண்டாவது தடவை சாகும். ஒரு தடவை செத்தால் விதி, இரண்டு தடவை செத்தால் அது அவள் குணம் என்று ஊர் முடிவு செய்துவிடும்.

“இன்னிக்கு என்ன தேதி மாஸ்டரு?”

“முப்பதும்மா. இந்த மாசத்துக்கு அதுதான் கடைசி.”

“அப்ப நாப்பதுக்கு வண்டி வரும்.” ஆட்டை அங்கேயே அவிழ்த்துவிட்டு நடந்தாள்.

வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன, ஏற ஆளில்லை. வெயிலாட்சி வண்டியின் மூக்குப் பக்கம் போய், துண்டைப் போட்டு, கையை உள்ளே விட்டாள். அந்த மெதுமெதுத்த கை பழகின கையாகத் தானே வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

“எங்கிட்ட வாங்குனியே, அவ்வளவும் உன் வயித்துல தானே கெடக்கு?” என்று கேட்டாள். “மூணு ஊரு காத்திருப்பையும் நீ வாங்கிட்ட. இனி அவுக எப்படிக் காத்திருப்பாக? காத்திருக்க வேண்டியது நீதான். ஆளு வாறது வரைக்கும் நீ நிக்கணும். ரெண்டு நிமிஷம் கிடையாது. வார ஆளு வந்து ஏறுனப்புறம் போ.”

கை உருவப் பார்த்தது. ஆனால் ஓடுகிற வண்டி வேறு, நிற்கிற வண்டி வேறு. நிற்கிற சரக்குக்குச் சந்தைச் சட்டம் உண்டு. துண்டுக்குள் போன கையை விலை முடியாமல் உருவினால் உருவினவன் தோற்றவன், தோற்றவன் எதிராளி சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. உருவவில்லை. அதுவும் மூன்று ஊர்ச் சரக்கு வயிற்றில் இருக்கிற தைரியத்தில், பார்க்கலாம் என்று நின்றது.

பதினொன்று நாற்பத்திரண்டு ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. தணிகைவேலின் தொலைபேசி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. “வண்டி ஏன் நிக்குது?” என்று தலைமை அலுவலகம் கேட்டது. “வெல பேசிக்கிட்டிருக்காங்க சார்” என்றார், அவருக்குத் தெரிந்த உண்மையை. பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது மைலுக்கு நின்றன. உள்ளே இருந்த பட்டணத்துப் பயணிகள் அறுநூறு பேரும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்கள், அப்புறம் வைதார்கள், அப்புறம் இறங்கி உடைமர நிழலில் துண்டை விரித்துப் படுத்து, நாலு பேர் சீட்டாடத் தொடங்கினார்கள். மணி ஒன்று. மணி இரண்டு. சித்திரை வெயில் வெயிலாட்சியின் உச்சியில் ஆணி அடித்தது. அவள் அசையவில்லை. ஆனால் இடுப்பில் இருந்த தரகு கரைந்துகொண்டு வந்தது அவளுக்குத் தெரிந்தது: முதலில் ரேஷன் கடைக் காத்திருப்பு போனது, அப்புறம் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, அப்புறம் மழைக்குக் காத்திருந்தது; இதையெல்லாம் இழந்தால் நாலு சந்தையை ஜெயித்த வெயிலாட்சி இனி இல்லை என்பதும் தெரிந்தது. அவள் தன் மடியிலிருந்து செலவழிக்கிறாள், வண்டியிடம் அதைவிட ஒன்பது பங்கு கிடக்கிறது. எந்தத் தரகனும் இறங்கத் துணியாத பேரம்.

ஆனால் வண்டிக்குக் காத்திருந்து பழக்கமில்லை. சரக்கு இருந்தால் போதுமா, செலவழிக்கத் தெரிய வேண்டாமா? பரம்பரைப் பட்டினிக்காரன் விருந்தில் உட்கார்ந்த மாதிரி, நாலு மணி நேரத்தில் தின்ன வேண்டியதை நாலு வாயில் விழுங்கிவிட்டு அதற்கு வயிறு முட்டியது. உள்ளங்கையில் இருந்த கை வேர்த்தது. பிசுபிசுத்தது. மூன்று ஐம்பதுக்கு, வெயிலாட்சியின் இடுப்பில் கடைசியாக மிஞ்சியிருந்த கொம்பையாவின் தரகும் கரைந்து, இன்னும் ஒரு மூச்சுக்கு மேல் அவளிடம் பொறுமை இல்லை என்கிற இடத்தில், அந்தக் கை அவள் ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கியது. ஒத்துக்கொண்டது.

வெயிலாட்சி கையை எடுத்தாள். துண்டை உதறினாள். நிமிர்ந்தாள். ஐந்து வாரமாக அவள் வாயில் வராத வார்த்தைகள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்தன. முதலில் வண்டியை, அப்புறம் அதைப் பெற்றவனை, அப்புறம் மாறுதலாகிப் போன அதிகாரியை, அப்புறம் சீட்டாடுகிற பட்டணத்தானை. படுத்திருந்த அறுநூறு பேரும் பாய்ந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். கதவு மூடவில்லை. வண்டி நின்றது. ஆள் வர வேண்டுமே.

சேதி கேட்டு மூன்று ஊரிலிருந்தும் புறப்பட்டு வந்தார்கள். ஒருத்தரும் காத்திருக்கவில்லை, வந்தவர்கள் வந்தபடி ஏறினார்கள், ஒரு கிழவி இறங்கிப்போய் மறந்துவிட்ட வெற்றிலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள், வண்டி நின்றது. அன்றிலிருந்து கால அட்டவணையில் அந்தக் கோடு அழிந்து, பதினொன்று நாற்பதுக்கு நேரே, ‘ஆள் ஏறியதும் புறப்படும்’ என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அது பிந்தின கதை. அன்றைக்குக் கடைசி ஆளாக, முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொம்பையா பொட்டலில் வந்துகொண்டிருந்தான். வந்தவன் நடைமேடைக்கு நூறு அடி தள்ளி, கட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு உடைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அறுநூறு பேர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நாற்பது மைல் வண்டி. தணிகைவேல் கொடியைத் தூக்கினபடி நின்றார். ஒரு நொடி பொறுக்கிற சக்திகூட இல்லாத வெயிலாட்சி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடைமேடை விளிம்பில் குதித்தாள்.

“ஏ கொம்பையா. நாடே நிக்கு வே உமக்காக. அங்க என்ன ஆற அமரப் பேஞ்சுக்கிட்டு இருக்கீரு?”

கொம்பையா திரும்பிப் பார்க்கவில்லை.

“நிக்கட்டும் மதினி” என்றான் மரத்துக்குப் பின்னாலிருந்து. “நிக்கும்னு நீங்கதான சொன்னீக.”